விறைப்பு

அன்புள்ள கோமதி,

உன் மூன்று வாய்ஸ் மெசேஜுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். முதலில் அதற்குத் திட்டிவிடு. குட்டியின் மார்க்கைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படி ஏறுகிறார்களா? நீ பக்கத்தில் இருந்தால் ஏறாமல் விடமாட்டாய், தெரியும். இங்கே எல்லோரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். வாய் வரவில்லை.

மே மாதம் என் கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு, முதுகெலும்பையும் மூட்டையும் கையால் சரிசெய்கிற இந்த வைத்தியத்துக்கு, ஒரு அம்மா வந்தார். அறுபதை ஒட்டிய வயது, யாழ்ப்பாணத்துக்காரர். பத்து நாளாக இடுப்பு வலி, இரண்டு காலிலும் இறங்குகிறது. கூட மகன். லண்டன் ஈஸ்ட்ஹாமில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள்தான், அதனால் மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். யூரின் போவதில் பிரச்சினை உண்டா என்றேன். மகனைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றார். அப்புறம் மெதுவாக, "பின்பக்கம் விறைப்பா இருக்கு பிள்ளை" என்றார். நான் குறிப்பில் 'இறுக்கம்' என்று எழுதினேன்.

மதுரைக்காரிக்கு விறைப்பு என்றால் இறுக்கம்தானே. அவர்கள் ஊரில் விறைப்பு என்றால் மரத்துப்போவது. பல் பிடுங்குமுன் மரத்துப்போகப் போடுகிற ஊசியைக்கூட அவர்கள் விறைப்பு ஊசி என்றுதான் சொல்வார்கள். உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு நான் தசை இறுக்கம் என்று தடவிக்கொடுத்து அனுப்பினேன்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே குதிரை வால் மாதிரி தொங்கும் அந்த நரம்புக் கட்டு, காடா ஈக்வினா. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி அதை அழுத்தினால் மூத்திரப்பை, மலவாய், உட்காரும் இடம் மூன்றுக்கும் உணர்ச்சி போய்விடும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மறுநாள் சாயங்காலம் மருமகள் போன் செய்தாள், காலையிலிருந்து மாமிக்குச் சலம், அதாவது மூத்திரம், போகவில்லை என்று. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கத்தினேன். எம்ஆர்ஐ எடுத்து அன்று இரவே ஆபரேஷன் செய்தார்கள். ஒரு முழு நாள் என்னால் போனது. அன்று இடுப்பில் நெட்டி எடுக்கிற அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் செய்யவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். அதுவும் பெரிய ஆறுதலில்லை.

இப்போது நடக்கிறார். சிறுநீர் கழிக்கும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை.

இங்கே எங்கள் சிபிடி, தொழிலில் இருந்துகொண்டே படிக்க வேண்டிய தொடர் படிப்பின் கணக்கு, உனக்குத் தெரியும். வருஷத்துக்கு 30 மணி நேரம் படித்துக் காட்ட வேண்டும், அதில் பாதியாவது மற்றவர்களோடு சேர்ந்து படித்ததாக இருக்க வேண்டும். செப்டம்பர் 1 தொடங்கி ஆகஸ்ட் 31-க்குள் முடிக்க வேண்டும். நம் 'மெதுவா' சார் இருந்திருந்தால் ஆகஸ்ட் 30 அன்று ஃபைலைத் திறந்திருப்பார். நான் அப்படி இல்லை, ஜனவரியிலேயே முடித்துவிடுவேன். அதில்தான் கோளாறு என்று இப்போது புரிகிறது.

அந்த ராத்திரி ஒன்பது வருஷ ரெக்கார்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன் கோமதி. கழுத்து டெக்னிக் நான்கு முறை. தோள்பட்டை இரண்டு. ஓட்டப்பந்தயக்காரர்களின் கால். எல்லாம் எனக்குப் பிடித்தது, ஏற்கெனவே கை பழகியது. என்ன படிப்பது என்று முடிவு செய்வது நாம்தான். அந்தச் சுதந்திரம் நல்லதுதான், பெரியவர்களை வகுப்பில் அடைத்துவைத்தால் ஒன்றும் ஏறாது. ஆனால் சுதந்திரம் கிடைத்தவுடன் என் கால் எனக்குத் தெரிந்த தெருவுக்கே திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. எனக்கு எது தெரியாது என்று எனக்கே தெரியாதபோது, அதற்கு எப்படி வகுப்பு தேடுவேன்? எந்த வருஷமும், நோயாளியிடம் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு மணி நேரம்கூட நான் செலவு செய்யவில்லை. அது எனக்கு வரும் என்று நினைத்துவிட்டேன்.

ஜூலையில் அப்படி ஒரு வகுப்புக்குப் போனேன். மணிக்கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, இது கணக்குக்கு வெளியே. சின்ன அறை, எட்டுப் பேர், பாதி உங்கள் ஆட்கள், பிசியோக்கள். அந்தக் குதிரை வால் நரம்பு நோயோடு வாழும் ஒரு பெண்மணி பேசினார். "யாராவது என்னிடம், துடைக்கும்போது காகிதம் படுவது தெரிகிறதா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்" என்றார். அறையில் யாரும் அசையவில்லை. அப்புறம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒரு மருத்துவ வார்த்தைகூட இல்லாமல் கேட்டுப் பழகினோம். மூத்திரம் வருகிறது என்று தெரிகிறதா, தொடங்கச் சிரமமா, போகும்போது உணர்ச்சி இருக்கிறதா, தாம்பத்தியத்தில் மாற்றம் உண்டா என்று. இங்கிலீஷில் எனக்குச் சரளமாக வந்தது. வீட்டுக்கு வரும் ரயிலில் அதையே தமிழில் சொல்லிப் பார்த்தேன். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். கழுவுகிறவர்களிடம் காகிதத்தைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? அந்த அம்மாவுக்கு 'சலம்'. நமக்கு 'ஒண்ணுக்கு'. நான் கேட்டது 'யூரின்', அதுவும் மகன் எதிரில். மகனை வெளியே உட்காரச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது.

இனி யார் கூட வந்தாலும் ஐந்து நிமிஷம் வெளியே அனுப்பிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. நான் நெட்டி முறித்துச் சம்பாதிக்கிறேன் என்று இருபது வருஷமாகக் கேலி செய்கிறாயே, அதற்கு வட்டியாக வைத்துக்கொள். உன் ஓபியில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்! மரத்துப்போவதை அவர்கள் என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்பு. 'மதமதன்னு இருக்கு', 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு', இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் வேறு சொல்வார்கள், ராமநாதபுரத்தில் வேறு. எந்த ஊர், என்ன வயது என்று மட்டும் பக்கத்தில் குறித்துவிடு, பேர் வேண்டாம். செல்வி அக்காவையும் கேள். பிரசவ வார்டில் இருந்தவருக்கு, பெண்கள் வெட்கப்படாமல் சொல்கிற வார்த்தை எல்லாம் தெரிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பக்கத்துக்கு எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. போன வாரம் அந்த அம்மாவே வந்தார், மருமகளோடு. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் எப்படித் தப்பாக எழுதினேன் என்பது உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பேப்பரை எடும் பிள்ளை, நான் சொல்லுறன்" என்றார். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. மறுபக்கத்தை உனக்காகக் காலியாக வைத்திருக்கிறேன்.

உன்,
சுதா