புதுப் பை வாங்க வேண்டாம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

சென்ற தவணையில் அனுப்பிய கடிதத்தில், பொலித்தீன் ஷொப்பிங் பேக்கைக் கைவிட்டுத் துணிப்பையைப் பயன்படுத்துமாறு கேட்டிருந்தேன். அதன்பின் பல வீடுகளில் இதற்கென்றே புதுப் பைகள் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று பை. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் அந்தச் செலவு என்ன பாடு என்பதை நான் அறிவேன். தெளிவாக எழுதாதது என் பிழையே.

துணிப்பை என்றாலே சூழலுக்கு நல்லது என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பருத்தி விளைவிக்க நீரும் உரமும், அதை நூற்று நெய்ய மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன. இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பொலித்தீன் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவாகக் காரணமாக, ஒரு பருத்திப் பை 131 தடவையாவது பயன்பட வேண்டும். வாரம் ஒருமுறை டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கும் குடும்பத்துக்கு அது இரண்டரை வருடம்.

அதற்காகப் பொலித்தீனே மேல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வீசிய பை எங்கே போய்ச் சேருகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதை நாம் சிரமதானத்தில் கண்ணால் கண்டோம். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் வடிகானை அடைத்துக் கிடந்த பைகளில் ஒன்று, போட்ட முடிச்சு அவிழாமலே, உள்ளே தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதுமாக வந்தது. கான் வழியாகப் போவது கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. ஈர விறகு பற்றாதபோது அடுப்பில் ஒரு பையைச் செருகும் வழக்கமும் நம்மிடையே உண்டு. புகை வெளியேற வழியற்ற காம்பராவில் அந்தப் புகையைக் கைக்குழந்தையும் சேர்த்தே சுவாசிக்கிறது. இதை மட்டும் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

சட்டம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உயர் அடர்த்திப் பொலித்தீன் ஷொப்பிங் பேக்குகள் இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. ஏனைய பொலித்தீன் ஷொப்பிங் பேக்குகளையும் 2025 நவம்பர் 1 முதல் கடைகள் இலவசமாகக் கொடுக்க முடியாது. பில்லில் பைக்கு விலை விழுவது அதனால்தான்.

ஆகவே எதையும் புதிதாக வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பையை, அது பொலித்தீனாக இருந்தாலும், கழுவிக் காயவைத்துக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். உரப்பையில் மட்டும் உணவுப் பொருட்களைப் போட வேண்டாம். உடுத்த முடியாத பழைய சேலை இருந்தால் துவைத்து, வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்; தரம் 10 மாணவர்கள் மனைப்பொருளியல் அறையில் பையாகத் தைத்துத் திருப்பித் தருவார்கள். கைப்பிடிகளை இரட்டைத் தையலாகப் போடும்படி சொல்லியிருக்கிறேன், ஐந்து கிலோ மாவோடு ஏற்றம் ஏறுவது நீங்கள்தானே.

இப்படிக்கு,
அதிபர்