ஓடும் ஆலையைப் பாருங்கள்: டெல்டா அரிசி ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அரிசி ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். டெல்டா ஆலைகளில் பாய்லர் ஓட்டுபவர்கள், ஃபிட்டர்கள், எலக்ட்ரீஷியன்கள், பாதுகாப்பு ஆய்வுக்கு வந்து போகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

தையில் சம்பா நெல் வரத் தொடங்கிவிடும். அதற்கு முன்பு மார்கழியில் ஆலையை நிறுத்தி பெல்ட் மாற்றுவது, பேரிங் மாற்றுவது, பெயின்ட் அடிப்பது என்று மராமத்து நடக்கும். பாதுகாப்பு ஆய்வும் பல இடங்களில் அந்த வாரத்திலேயே முடிந்து, பதிவேட்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது. எங்கள் ஆட்சேபம் அதில்தான். நிறுத்தி, கூட்டிப் பெருக்கி வைத்த ஆலையில் சுழலும் பாகங்களை மூடும் கார்டு மாட்டியிருக்கிறதா, தீயணைப்பான் தொங்குகிறதா என்று பார்க்கலாம். கை போகிற வேலையை அங்கே பார்க்க முடியாது. நெல்லைப் பக்கெட்டுகளில் மேலே தூக்கும் எலிவேட்டர் அடைத்துக்கொண்டு, வாசலில் லாரி வரிசை நிற்க, இரவு ஷிப்டில் இரண்டு பேர் டார்ச் அடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. ஆய்வு அந்த நேரத்துக்கு வர வேண்டும்.

டெல்டாவில் அடைப்பு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை கெடுத்த ஆண்டுகளில் தளர்வு வாங்கி அதற்கும் மேற்பட்ட ஈரத்தோடு நெல் வருகிறது. குறுவை அறுவடையின் பின்பகுதி வடகிழக்குப் பருவமழையில்தான் போய் முட்டுகிறது. ஈர நெல்லும் வைக்கோல் துணுக்கும் சேர்ந்து எலிவேட்டரின் அடிப்பெட்டியில் கட்டிக்கொள்ளும். பெல்ட் வழுக்கும், மோட்டார் திணறும், சுமை மீறினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகும். கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்து நடப்பதை.

ஆய்வுக்குப் போகிறவர் இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் ஆபரேட்டரிடம் கேட்கட்டும்: "அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க? செஞ்சு காட்டுங்க." பெரும்பாலான ஆலைகளில் அவர் ஸ்டாப் பட்டனை அழுத்துவார், அடிப்பெட்டியின் கதவைத் திறப்பார், கையை விடுவார். டிரிப் ஆன மோட்டாராக இருந்தால் ஸ்டாப் பட்டனைக்கூடத் தொட மாட்டார். அதுதான் நின்றுவிட்டதே என்பார். அதே நேரத்தில் பேனல் ரூமில் இருக்கும் எலக்ட்ரீஷியன் டிரிப் விளக்கைப் பார்த்து, மோட்டாரை மறுபடி ஓடவைக்க ரீசெட் அழுத்துகிறார். அவர் செய்வது அவருடைய வேலை, இவர் செய்வது இவருடைய வேலை. இருவருக்கும் நடுவே ஒரு பூட்டு இல்லை, அவ்வளவுதான்.

கரன்டை எடுத்துவிட்டாலும் எலிவேட்டர் பாதுகாப்பாகிவிடாது. ஏறும் பக்கத்துப் பக்கெட்டுகளில் நெல் நிறைந்திருக்கும், இறங்கும் பக்கம் காலி. தலைப்புல்லியில் பின்னோட்டத் தடுப்பு தேய்ந்திருந்தாலோ கழற்றி வைத்திருந்தாலோ, அடைப்பு விலகியதும் அந்த எடை முழுவதும் பெல்ட்டைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு இறங்கும். மோட்டார் ஓடாமலே பக்கெட் விளிம்பு கையைக் கத்தரித்துவிடும். ஆகவே லோடோடு ஒருமுறை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். பெல்ட் ஒரு பக்கெட் தூரம்கூடப் பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் அன்றைக்கே தடுப்பை மாற்ற வேண்டும்.

அடைப்பு எடுக்கும் முறை இப்படி இருக்கட்டும். முதலில் மேலிருந்து நெல் வருவதை ஷட்டர் போட்டு நிறுத்துங்கள். பிறகு, எலிவேட்டர் பக்கத்திலேயே கண்ணில் படும்படி உள்ள, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை ஆஃப் செய்து பூட்டுங்கள். உள்ளே கை விடும் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். அதன்பின் கொக்கிக் கம்பியால் நெல்லை இழுங்கள், கை கடைசியில்தான். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பழைய பழக்கம். ஸ்டோரில் இன்னொரு ஃபியூஸ் இருக்கிற ஆலையில் அதை நம்ப முடியாது.

இதோடு சேர்த்து ஒரு சோதனை. ஆலை காலியாக ஓடும்போது, எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு மெயினை அணைத்துத் திரும்பப் போடுங்கள். எந்த மோட்டாரும் தானாகக் கிளம்பக் கூடாது. கிளம்பினால், கரன்ட் போனதும் மோட்டாரை விடுவிக்க வேண்டிய ஸ்டார்ட்டரின் நோ-வோல்ட் அமைப்பு வேலை செய்யவில்லை, அல்லது யாரோ மோட்டாருக்குக் கரன்ட் விடும் காண்டாக்டரைக் குச்சி வைத்து அழுத்தியிருக்கிறார்கள். ஜெனரேட்டருக்கு மாறும்போதும் இதே சோதனை வேண்டும். புயல் மாதங்களில் கரன்ட் எத்தனை தடவை போய் வருகிறது என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கார்டு விஷயத்தில் 'இருக்கிறது' என்று டிக் அடிப்பதோடு விடாதீர்கள். வலையின் இடைவெளியை அளந்து பாருங்கள். நீள்துவாரம் 20 மி.மீ. வரை இருந்தால் சுழலும் பாகம் குறைந்தது 120 மி.மீ. உள்ளே தள்ளியிருக்க வேண்டும். 20 மி.மீ.யைத் தாண்டினால் முழுக் கையும் நுழையும் என்று கணக்கு. அப்போது 850 மி.மீ. தூரம் தேவை. மராமத்தின்போது கழற்றிய கார்டில் நான்கு போல்ட்டுக்கு ஒன்று மட்டும் மாட்டியிருப்பதும், கிரீஸ் போடுவதற்காக மூலையை வெட்டி எடுத்திருப்பதும் அடிக்கடி காணும் காட்சி. கிரீஸ் நிப்பிளுக்கு ஒரு டியூப் போட்டு கார்டுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் வெட்டுகிற அவசியமே இல்லை. கழுத்தில் துண்டு, கட்டியிருக்கும் கைலி, பெண்களின் முந்தானை, துப்பட்டா எல்லாம் ஷாஃப்ட் பக்கத்தில் ஆகாதவை. ஓடும் இயந்திரத்துக்கு அருகே போகிறவருக்கு இறுக்கமான உடையை நிர்வாகம்தான் தர வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம், 1948, 22-ஆம் பிரிவில் சொன்னது.

பாய்லருக்கு வருவோம். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் சான்றிதழ் அன்றைய நிலையைத்தான் சொல்லும். கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டம் உண்மையா என்பதை ஒவ்வொரு ஷிப்டும் பார்க்க வேண்டும். முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குழாயின் திருகு வால்வுகளான நீராவிக் காக், தண்ணீர்க் காக் இரண்டையும் மூடி டிரெயினைத் திறந்தால், குழாயில் இருப்பது வடிந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காக் கசிகிறது. பிறகு தண்ணீர்க் காக்கை மட்டும் திறந்தால் தண்ணீர் வேகமாகப் பாய வேண்டும். அதை மூடி நீராவிக் காக்கைத் திறந்தால் நீராவி அடிக்க வேண்டும். அதையும் மூடி, டிரெயினையும் அடைத்துவிட்டுத் தண்ணீர்க் காக்கைத் திறந்தால் குழாய் மேலே வரை நிரம்பும். கடைசியாக நீராவிக் காக்கைத் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கி நிற்கும் இடமே நிஜமான நீர்மட்டம். மெதுவாக இறங்கினாலோ ஏறினாலோ வழியில் அடைப்பு இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. மென்னீராக்கி ஒழுங்காக ஓடாத ஆலையில் இந்தச் சின்ன வழிதான் முதலில் அடைக்கும், குழாய்களில் படிவதோ கண்ணுக்குத் தெரியாது. ஆய்வாளர் ஆபரேட்டரை இதைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். கை தயங்கினால், லாக் புக்கில் இருக்கும் டிக்குகளுக்கு என்ன மதிப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால்? உமி பாய்லரில் இதற்குப் பதில் ஆபரேட்டரின் நுனிநாக்கில் இருக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் பர்னர் போல உமித் தீயை ஒரு சுவிட்சில் அணைக்க முடியாது. உமியைத் தள்ளும் ஊட்டியை நிறுத்தி, காற்று விசிறியை நிறுத்தி, காற்றோட்டத்தை அடைக்கும் டேம்பரை மூட வேண்டும். தண்ணீர் மட்டும் விடவே கூடாது. காய்ந்து சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால் நொடியில் நீராவியாகிப் பாய்லரே கிழிந்துவிடலாம். சேஃப்டி வால்வைக் கம்பி கட்டி இறுக்கியிருந்தால் ஆய்வை நிறுத்திவிட்டு முதலில் தீயை எடுக்கச் சொல்லுங்கள்; அந்தக் குறையை எழுதிவிட்டு அடுத்த அயிட்டத்துக்குப் போவது சரியல்ல. வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்ப்பதாக இருந்தால், அது திறக்கும் அழுத்தத்தில் முக்கால் பங்காவது பாய்லரில் இருக்கும்போது செய்யுங்கள்.

சாம்பல் குழி எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி. அத்தனையும் எரிந்தால் 40 கிலோ சாம்பல். ஒரு நாளைக்கு 100 டன் அரைக்கும் ஆலை உமி முழுவதையும் தானே எரித்தால் நான்கு டன் சாம்பல் சேர்கிறது. உமிச் சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா, வெப்பத்தை வெளியே விடாது. மேலே வெளுத்து ஆறிக் கிடக்கும், மழைத்தூறல் பட்டு மேல் அடுக்கு ஈரமாகக்கூட இருக்கும். உள்ளே பல நாள் கனன்றுகொண்டிருக்கும். குறுக்கு வழியாக அதன்மேல் கால் வைப்பவர் முழங்கால் வரை இறங்கிவிடுவார். கொட்டும் இடத்தைச் சுற்றி வேலி போடுங்கள், விளக்குப் போடுங்கள், இன்றைய சாம்பலையும் பழைய சாம்பலையும் தனித்தனியே கொட்டுங்கள். குழந்தைகளோடு தங்கும் தொழிலாளர் குடியிருப்பு ஆலைக்குள் இருந்தால் வேலிக்கு இன்னொரு காரணமே வேண்டாம்.

ஊறல் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, எலிவேட்டர் பிட், நெல் சைலோ இவற்றில் இறங்குவது தனி அனுமதி வேண்டிய வேலை. பழைய ஊறல் தண்ணீரும் அடியில் அழுகிய நெல்லும் ஆக்சிஜனைக் குறைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கிளப்பும். முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டதென்று அர்த்தமில்லை. பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறும்போது மூக்கு மரத்துவிடும். வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று இறக்கிப் பாருங்கள்: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழ். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. வெளியே ஒருவர் நிற்க வேண்டும், இறங்குபவர் இடுப்பில் பெல்ட்டும் மேலே இழுக்கக் கப்பியும் வேண்டும். விழுந்தவரைத் தூக்கக் குதிக்கும் அடுத்த ஆளும் அங்கேயே விழுகிறார். ஆகவே வெளியே நிற்பவருக்கு எந்த நிலையிலும் இறங்கக் கூடாது என்பதே முதல் உத்தரவு. சைலோவில் நெல் இறுகிக் கீழே வெற்றிடத்தோடு பாலம் கட்டி நின்றால் மேலே ஏறி மிதிப்பதும் கூடாது. பாலம் உடைந்து கீழே வழி திறந்தால் சில நொடிகளில் நெல் ஆளை மூடும்.

தவிட்டுத் தூசி பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் தானியக் கிடங்கு விதி, முக்கியமான இடங்களில் தூசி எட்டில் ஓர் அங்குலம், அதாவது 3.2 மி.மீ., அளவைத் தாண்டிப் படிந்தால் உடனே அகற்றச் சொல்கிறது. உங்கள் ஆலையில் கேபிள் டிரே, உத்தரம், எலிவேட்டர் தலைமேடு ஆகிய இடங்களில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது தூசியைக் காற்றில் கலந்து வெடிக்கத் தயார் செய்யும் வேலை. எலிவேட்டர் கூட்டில் வெல்டிங் வைப்பதற்கு முன் உள்ளே காலி செய்து சுத்தம் செய்ய வேண்டும், முடிந்த பிறகும் ஓர் ஆள் இருந்து கவனிக்க வேண்டும்.

கூரையில் ஏறும் வேலை மழைக்கு முன் வரும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு மாற்றிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளும் இப்போது வெயில் குடித்து நொறுங்கும் நிலையில் இருக்கும். பலகை போடாமல், விழாமல் தாங்கும் கயிறான லைஃப் லைன் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

சட்டம் மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரத்தில் ஓடும் ஆலையில் 10 பேர் இருந்தால் 1948 சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. டெல்டாவின் சிறிய ஆலைகள் பல இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பவை. இனி நமக்கு இல்லை என்று பதிவேட்டை மூடி வைப்பவர்கள் இருப்பார்கள். தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்து விலகினாலும், 10 பேர் வேலை செய்யும் நிறுவனம் என்ற அளவில் உரிமையாளரின் கடமை அதே சட்டத்தில் தொடர்கிறது. எலிவேட்டரும் ஆள் கணக்குப் பார்த்துச் சுற்றுவதில்லை.

கடைசியாகப் பதிவேடு. ஆய்வில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் எதிரே சரிசெய்ய வேண்டியவர் பெயர், தேதி, சரிசெய்த பின் எடுத்த படம் மூன்றும் வேண்டும். 'விரைவில்' என்று எழுத இடமே வைக்காதீர்கள். ஒரே குறை அடுத்த ஆய்விலும் வந்தால் அது உரிமையாளரின் மேசைக்கு வர வேண்டும். மேஸ்திரியைத் திட்டுவதால் பயனில்லை, பின்னோட்டத் தடுப்பு வாங்கக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. தப்பித்த சம்பவங்களையும் எழுதச் சொல்லுங்கள், எழுதியவர் கூலியைப் பிடிக்காதீர்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் ஓட்டும் இயந்திரத்தில் தமிழ் எச்சரிக்கை மட்டும் ஒட்டினால் போதாது. இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள், படிக்கத் தெரியாதவருக்குச் செய்துகாட்டுங்கள், அவரைத் திரும்பச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

சம்பா லோடு முழு அளவில் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, ஓர் இரவு ஷிப்டில், முன்கூட்டிச் சொல்லாமல் இந்த ஆய்வை வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளரோ மேலாளரோ கூட வர வேண்டும். எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
டெல்டா ஆலைகளின் பாய்லர், ஃபிட்டிங், எலக்ட்ரிக்கல், பாதுகாப்புப் பணியாளர்கள்