தெருவில் பறக்கிற வண்டிகளும் நீ வாங்கப் போகிற சிமெண்ட் மூட்டையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதில் எனக்குப் பாதிதான் விளங்கியது, மீதியை உன் அம்மா சொன்னாள். அந்தக் கார்க்காரன் "இது என்ன உங்க அப்பன் போட்ட ரோடா" என்று கேட்டானாமே. உன் அப்பன் வேலைக்காலம் முழுக்க நெடுஞ்சாலைத் துறையில் ரோடு போட்டவன்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும், பாவம். சிரிப்பு வந்தது, ஆனால் அப்புறம் தூக்கம் வரவில்லை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஓடி வருகிற காரை நடுரோட்டில் நின்று மறித்திருக்கிறாய். இனிமேல் அதைச் செய்யாதே. உள்ளே இருப்பவன் குடித்திருக்கிறானோ, எவனிடமோ சண்டை போட்டுவிட்டு வருகிறானோ, உனக்குத் தெரியாது. வண்டி நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள், அது போதும்.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த சிமெண்ட் விஷயம். வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூல் செய்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரெண்டு மூட்டை சிமெண்ட்டும் கொஞ்சம் எம்-சாண்டும் வாங்கி நாமே வேகத்தடை போட்டுவிடலாம் என்று உங்கள் தெருக்காரர்கள் முடிவு செய்திருக்கிறார்களாம். வேண்டாம்மா. அந்த மேடு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்: ஒரு அடி அகலம், அரை அடி உயரம், மேலே பெயிண்ட் கிடையாது. இப்படிக் குறுகலாகப் போடுகிற மேட்டில் ஒரு வேடிக்கை உண்டு, மெதுவாகப் போகிறவனுக்குத்தான் இடுப்பு ஒடியும். வேகமாக வருகிற காரில் அந்த அதிர்ச்சியை டயரும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆக, நீ யாரைப் பிடிக்க நினைக்கிறாயோ அவன் தாண்டிப் போய்விடுவான், ஸ்கூட்டியில் வருகிற டீச்சரும் சிலிண்டர் போடுகிறவரும்தான் மாட்டுவார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்திருக்கிறேன். பஸ் மோதி ஒரு பையன் இறந்து போனான், ஊரே மறியல் செய்தது, அதிகாரிகள் வந்து பேசுவதற்குள் அவர்களே ராத்திரியில் ஒரு மேட்டைக் கட்டிவிட்டார்கள். நியாயமான கோபம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நாளிலேயே, புருஷன் பைக்கில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்த பெண் அந்த மேட்டில் தூக்கி எறியப்பட்டு மண்டையில் அடிபட்டாள். தெருவிளக்கு எரியவில்லை, மேடு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. யார் போட்டது என்று போலீஸ் கேட்டபோது மறியலுக்கு வந்த கூட்டத்தில் ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. இப்போதைய சட்டத்தில், அதான் அந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பொதுவழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினால் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கல்லை உருட்டிப் போடுவது, கயிறு கட்டுவது, பூந்தொட்டி வைப்பது எல்லாம் இதில்தான் வரும். கயிறு பற்றிப் பேசவே பேசாதே, பைக்கில் வருகிறவன் கழுத்தில்தான் மாட்டும்.

சரியான வேகத்தடைக்கு ஒரு அளவு இருக்கிறது. ரோட்டு வேலைக்கு அளவுகள் வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 1988-இலேயே 99-ஆம் எண் கையேட்டில் எழுதி வைத்துவிட்டது: வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 1970களில் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் விதவிதமான மேடுகளில் வண்டி ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த வடிவம்தான் இது. பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாக ஏறி இறங்கிவிடலாம், அதற்கு மேல் போகப் போகத் தூக்கிப் போடும். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேட்டின் மேல் ராத்திரியிலும் தெரிகிற பெயிண்ட் வேண்டும், ரெண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் ஓட வழி வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் தார் பெயர்ந்துவிடும். அதோடு ஒன்றே ஒன்று போட்டால் பிரயோஜனம் இல்லை, தாண்டியதும் விட்ட நேரத்தைப் பிடிக்க இன்னும் முறுக்குவான். நீளமான தெரு என்றால் 100-லிருந்து 120 மீட்டருக்கு ஒன்று.

இதில் ஒரு சங்கடத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேகத்தடை வேண்டும் என்று எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள், அவரவர் வாசலில் மட்டும் வேண்டாம் என்பார்கள். விடியற்காலை தண்ணி லாரி அதன் மேல் ஏறி இறங்கும்போது சத்தம் கேட்கத்தான் செய்யும், அதனால் அவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. எந்த இடம் என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீ கேட்ட கேள்வி. "ஏன்ப்பா இவனுங்க இப்படிப் பறக்கறானுங்க" என்றாய். போன வருஷம் நாங்கள் வந்தபோது உன் தெரு எப்படி இருந்தது? குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, மூடியும் மூடாமலும் கிடந்தது, எந்த மகாராஜாவாலும் இருபதுக்கு மேல் போக முடியவில்லை. இப்போது புதுத் தார், நேரான தெரு, நல்ல அகலம், உங்கள் கோயம்புத்தூர் சத்தி ரோட்டு சிக்னலில் நிற்காமல் துடியலூர் பக்கம் நழுவிவிடவும் வழி. அதே ஆட்கள்தான், அதே வண்டிகள்தான். டிரைவர் பலகையைப் பார்த்து ஓட்டுவதில்லை, ரோடு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு போகிறான். நல்ல ரோடு போட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகப் போ என்று பலகை நட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் துறையிலும் வழக்கம், அதை நான் சர்வீஸில் இருக்கும்போதே மீட்டிங்கில் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் ஆளைத் திருத்தப் பார்க்காதே, ரோட்டை மாற்றச் சொல்லிக் கேள். வேகத்தடை அதில் ஒரு வழி. முனையில் திருப்பத்தை ஒடுக்கினால் எவனும் வேகத்தோடு உள்ளே நுழைய முடியாது. ரெண்டு ஓரத்திலும் வெள்ளைக்கோடு போட்டு நடுவை ஒடுக்கிக் காட்டலாம், கார்களை ஒரு பக்கமாக இல்லாமல் மாற்றி மாற்றி நிறுத்த வைத்தாலே வண்டி வளைந்துதான் போக வேண்டியிருக்கும். தெருவின் ஒரு முனையில் கேட் போட்டுப் பூட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், மாநகராட்சி ரோட்டில் அது செல்லாது, தீயணைப்பு வண்டிக்கும் வழி வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதே. 2018 ஏப்ரலில் மத்திய அரசு போட்ட அறிவிக்கையில் நகர எல்லைக்குள் காருக்கு உச்ச வேகம் 70, பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50 என்று வைத்தார்கள், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம்பமாட்டாய், ஆனால் அந்த அறிவிக்கைப்படி, குறைத்து யாரும் அறிவிக்காத தெருவில் காரில் அறுபதில் போனவன் காகிதத்தில் வேக வரம்பை மீறவில்லை. குறைக்கிற அதிகாரம் மாநில அரசுக்கும் அது சொல்கிற அதிகாரிகளுக்கும் உண்டு, மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவு. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்து போலீஸ் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 என்று கொண்டு வந்தார்கள். உங்கள் தெருவுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் ஊர் டிராபிக் ஸ்டேஷனில் கேள், இல்லாவிட்டால் சென்னையைக் காட்டிக் கேள். வரம்பு இருந்தால்தான் 183-ஆம் பிரிவில் காருக்கு ஆயிரத்திலிருந்து ரெண்டாயிரம் வரை அபராதம் போட முடியும்.

"முப்பதா, அதுக்கு நடந்தே போகலாமே" என்று சொல்ல ஒரு ஆள் எல்லாத் தெருவிலும் இருப்பார். அவரிடம் இந்தக் கணக்கைச் சொல். ஒரு குழந்தை ஓடி வருவதைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள். 30-இல் வருகிற கார் மொத்தம் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வருகிற கார் அந்த 13 மீட்டரையும் பிரேக் போடுவதற்கு முன்பே கடந்திருக்கும், அது நிற்க 28 மீட்டர் ஆகும். அதாவது முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தில் ரெண்டாவது கார் முழு வேகத்தில் வந்து மோதும். 2022-இல் நாட்டில் ரோடு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகம்தான் காரணம் என்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது.

மனு எழுதுவதற்கு முன்னால் அளந்து பார். "வண்டிகள் மிக வேகமாகச் செல்கின்றன" என்று எழுதினால் எந்த ஏ.இ.யும், அதான் உதவிப் பொறியாளரும், படிக்கமாட்டார், நானே அப்படி எத்தனையோ மனுக்களைப் பார்த்தவன்தான். தெருவில் 50 மீட்டர் டேப் பிடித்து ரெண்டு சாக்பீஸ் கோடு போடு. உன் மாடி பால்கனியில் உட்கார்ந்துகொண்டு போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார். முதல் கோட்டிலிருந்து ரெண்டாவது கோட்டுக்கு 6 விநாடி ஆனால் 30 கிலோமீட்டர் வேகம், நாலரை விநாடி என்றால் 40, 3.6 என்றால் 50, 3 என்றால் 60. காலையில் ஸ்கூல் நேரத்தில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். சத்தமாக வருகிற பைக் வேகமாகப் போவது போலத் தோன்றும், அளந்தால் முப்பத்தைந்துதான் இருக்கும். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற பெரிய கார்தான் ஐம்பத்தைந்தில் போயிருக்கும். நூறு வண்டியில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றன என்பதைத்தான் இஞ்சினியர்கள் பார்ப்பார்கள், அந்த எண்ணை மனுவின் முதல் வரியில் எழுது.

குறித்த வேகத்துக்குப் பக்கத்தில் என்ன வண்டி என்றும் எழுது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பேச வேண்டிய இடம் வேறு. ஸ்கூல் வேன் என்றால் டிரைவரிடம் பேசிப் பயனில்லை, நம்பர், தேதி, நேரம் போட்டுப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடு. ஆர்.டி.ஓ. காதுக்குப் போனால் வண்டிக்கே சிக்கல் என்று அவர்களுக்குத் தெரியும். கம்பெனி கேப் என்றால் அந்தக் கம்பெனியில் வண்டி ஏற்பாடு செய்கிற பிரிவுக்கு எழுது. தண்ணி லாரிக்காரருக்கு எத்தனை லோடு அடித்தார் என்பதில்தான் காசு, அவரிடம் கத்துவதற்குப் பதில் லாரிக்குச் சொல்கிற அபார்ட்மெண்ட் செக்ரட்டரியிடம் சொல். சாப்பாடு கொண்டுவருகிற பையன்களிடம் மட்டும் தன்மையாகப் பேசு, ஆர்டர் போட்டுவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் மேப்பைப் பார்ப்பது நாம்தானே.

அப்புறம் வண்டி ஓட்டுகிற அந்தப் பிளஸ் ஒன் பையன், யாருடைய பிள்ளை என்று நீ சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். அவன் அப்பாவிடம் தனியாக, நாலு பேர் இல்லாத நேரத்தில் போய் மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவைச் சொல். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி வழக்கானால், பெற்றவருக்கோ வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைக் கேட்ட எந்த அப்பாவும் அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவார்.

மனுவை கவுன்சிலர் கையில் ஒன்று, மாநகராட்சி உதவிப் பொறியாளருக்கு ஒன்று என்று கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கு. 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரியிலும் பதிவு பண்ணு, நம்பர் கிடைக்கும், அதை வைத்துத்தான் பின்னால் விசாரிக்க முடியும். 2022 நவம்பரிலிருந்து நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது, உங்கள் வார்டில் அடுத்து எப்போது என்று விசாரித்துப் பத்து பேரோடு போ. ஆறு மாதமாகியும் அசையவில்லை என்றால் கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அந்தக் குழுவின் பெயரைக் குறிப்பிட்டே மனு கொடு. அந்தக் குழு எல்லா மாவட்டத்திலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் உத்தரவு போட்டதே உங்கள் கோயம்புத்தூர்க்காரர் போட்ட வழக்கில்தான். கங்கா மருத்துவமனை டாக்டர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு. எலும்பு ஒட்டுகிற டாக்டர், ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களை எவ்வளவு பார்த்திருப்பார்.

உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "அவ்வளவு அலைவதற்குக் குழந்தையை வெளியே விடாமல் இருந்தால் போதும்" என்கிறாள். அதைக் கேட்காதே. தெருவில் பிள்ளைகள் விளையாடாமல் போனால் தெரு காலியாக இருக்கும், வருகிறவன் இன்னும் வேகமாகத்தான் வருவான்.

அளந்த பிறகு அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடு, மனுவை நான் எழுதித் தருகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்: வெளியாட்கள்தான் பறக்கிறார்கள் என்று நினைத்து ஆரம்பிப்பாய், பட்டியலைப் பார்த்தால் பாதி உங்கள் தெரு வண்டிகளாகத்தான் இருக்கும். என் அனுபவத்தில் எங்கேயும் அப்படித்தான். அதனால் அளக்கப் போகிற நாளை மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா