ஷிஃப்டுக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்வரும் தம்பிகளே, தங்கைகளே,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.

"ஈமானெல்லாம் மனசுல அப்படியே இருக்கு பாய், தொழத்தான் நேரம் கிடைக்கல." உங்களில் பலரிடம் இதைக் கேட்டுவிட்டேன். பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மனதில் இருக்கும் அந்த இறைநம்பிக்கை அப்படியே இருக்கும் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலில் ஒரு வக்து, அதாவது ஒரு வேளைத் தொழுகை, போகும். பிறகு அந்த வக்து போனது உறுத்தாமல் போகும். அந்த இரண்டாவதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஸுஃப்யான் இப்னு அப்துல்லாஹ் (ரலி) என்ற தோழர், இனி வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லாதபடி இஸ்லாத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லுங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். "அல்லாஹ்வை நம்பினேன் என்று சொல், பிறகு அதில் உறுதியாக நில்" என்றார்கள். நம்பினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நிற்பதற்குத்தான் ஒவ்வொரு நாளும் வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் நாளையே எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வண்டி ஏறுகிறீர்கள். மார்கழி, தை மாதங்களில் வண்டி கிளம்பும்போது, சூரியன் உதிப்பதற்குள் தொழ வேண்டிய சுப்ஹுக்கு நேரமே வந்திருக்காது. ஆனால் அந்த நாட்களில் நம் பக்கம் சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும். வண்டியிலிருந்து இறங்கி உள்ளே நுழைவதற்கு முன் இருக்கும் பத்து நிமிடம் தாராளமாகப் போதும். வெயில் காலத்தில் பாங்கு சீக்கிரமே வந்துவிடுவதால் வீட்டிலேயே தொழுதுவிட்டுக் கிளம்பலாம்.

உண்மையிலேயே கஷ்டம் மதியம் இரண்டு மணி ஷிஃப்டில்தான். மாலைத் தொழுகையான அஸரும், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபும் வேலைக்குள் வந்துவிடுகின்றன. அதிலும் மஃரிபுக்கு இருப்பதே ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான். இங்கேதான் நிறைய பேருக்குத் தொழுகை நழுவுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் குர்ஆன் சொல்லும் ஃபர்ளு (கட்டாயக் கடமை) நான்கு: முகம், முழங்கை வரை கை, தலைக்கு மஸ்ஹு (ஈரக் கையால் தடவுவது), கணுக்கால் வரை கால். மஃரிபின் ஃபர்ளு மூன்று ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று ஒரு ரக்அத்). டீ குடிக்க விடும் நேரத்துக்குள் இரண்டும் முடியும். சேஃப்டி ஷூ கழற்றிக் கால் கழுவுவது சிரமமென்றால், ஒளுவோடு அணிந்த தோல் காலுறை மேல் ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு மஸ்ஹு செய்ய மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. அதன் விவரத்தை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், பூமி முழுவதுமே நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. சூப்பர்வைசரிடம் ஒளிக்காமல் கேளுங்கள். "அஞ்சு நிமிஷம் சார், தொழுதுட்டு வந்துடறேன்" என்று நேராகக் கேட்பவருக்குப் பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை. அந்த ஐந்து நிமிடத்தைப் பத்தாக்காமல் திரும்பினால் நாளைக்கும் கிடைக்கும்.

இன்னொன்று, தனியாக நிற்கப் பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஓதுகிற கஹ்ஃபு ஸூராவில் (குர்ஆன் அத்தியாயத்தில்) வரும், ஈமானைக் காக்கக் குகையில் ஒதுங்கிய குகைவாசிகளை இளைஞர்கள் என்றே அல்லாஹ் சொல்கிறான். அவர்கள் ஒருவராக இல்லை, கூட்டாளிகளாக இருந்தார்கள். உங்கள் லைனில், உங்கள் ரூமில் தொழுகிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். தங்கைகளுக்கு இது இன்னும் அவசியம். ஆண்களுக்கு வழியில் ஏதாவது பள்ளிவாசல் கிடைத்துவிடும். விடுதியில் இருக்கும் பெண்ணுக்குத் தொழுகை நேரத்தில் துணை இன்னொரு பெண்தான்.

செல்போனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சம்பளம் வந்த இரவே பணம் கட்டி ஆடும் விளையாட்டில் அதைத் தொலைத்துவிட்டு, கடன் ஆப்பில் வட்டிக்கு வாங்கி மாதத்தை ஓட்டுகிற பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். சூதும் வட்டியும் ஹராம் என்று தெரியாதவர் யாருமில்லை. மாட்டியிருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள், மறைக்க மறைக்கத்தான் வட்டி ஏறும்.

அதே போனில் நம்மைப் பற்றி வருகிற வெறுப்புப் பேச்சும் உங்களைச் சுடுகிறது. எனக்கும் சுடுகிறது. குர்ஆனில் 41ஆவது ஸூராவின் 30ஆவது வசனம் உறுதியாக நின்றவர்களுக்கு நற்செய்தி சொல்கிறது. நான்கு வசனம் தள்ளி, தீமையை அதைவிட நல்லதைக் கொண்டு தடுங்கள் என்று வருகிறது. உறுதி என்றால் வாட்ஸ்அப்பில் பதிலுக்குப் பதில் திட்டுவது என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் முருகனையோ மஞ்சுநாத்தையோ பகைத்துக்கொண்டு காக்கிற தீன் (மார்க்கம்) எதுவும் இல்லை.

மாதக்கணக்கில் தொழாமல் இருந்துவிட்டு, எந்த முகத்தோடு பள்ளிவாசலுக்கு வருவது என்று தயங்குபவர் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்துவிடுங்கள். விட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களா செய்யலாம், அதாவது பிறகு தொழுது ஈடுகட்டலாம். தன் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று, தமக்கே தீங்கிழைத்துக்கொண்ட அடியார்களிடம்தான் அல்லாஹ் சொல்கிறான்.

அப்புறம், முன் ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்கும் பெரியவர்களுக்கும், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி வருகிற பிள்ளையிடம் "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிடாதீர்கள். டீஷர்ட்டையும் முடி வெட்டையும் பார்க்காமல் ஸஃப்பில் இடம் கொடுங்கள். குர்ஆன் வகுப்பை ஷிஃப்டு முடிந்து வருபவர்களுக்கும் தோதான நேரத்தில், ஞாயிறு இரவு இஷா தொழுகைக்குப் பிறகாவது வையுங்கள். இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள்.

வஸ்ஸலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து, உங்கள் அண்ணன்.