பிள்ளைகளின் கையில் ஒரு மண்டையோட்டைக் கொடுங்கள்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கும் அருங்காட்சியகங்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

1851-இல் தொடங்கிய உங்கள் அருங்காட்சியகத்தின் திமிங்கில எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்க்காத சென்னைப் பிள்ளைகள் குறைவு. அப்படிப் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை, ஓர் எலும்பையாவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வழி வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. 11 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கு, ஒரே அணி தொடர்ந்து எட்டுச் சனிக்கிழமைகள் வரும்படி ஓர் இயற்கை அறிவியல் வகுப்பு தொடங்குங்கள். ஒருநாள் ஓவியப் போட்டியும் வினாடி வினாவும் பிள்ளைகளை உள்ளே அழைத்துவரும். உற்றுநோக்கும் பழக்கம் திரும்பத் திரும்ப வந்தால்தான் படியும்.

இதற்குக் காட்சிப் பொருள்களைத் தொடவே கூடாது. பாடம்செய்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஆர்செனிக் சோப்புப் பூசும் வழக்கம் உலகெங்கும் நெடுங்காலம் இருந்தது. அந்த நஞ்சு ஆவியாகிப் போவதில்லை. தோலிலும் இறகிலும் தூளாகத் தங்கியிருக்கும். சோதித்துப் பார்க்காத வரை, பழைய மாதிரி எதிலும் அது இருப்பதாகவே கொள்ள வேண்டும். பதிவேட்டில் ஏறிய மாதிரிகள் ஆய்வுக்கு உரியவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உடைந்தாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய தனிக் கற்பித்தல் தொகுப்பு ஒன்று கட்டாயம் தேவை. அதைச் சேர்ப்பதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கறிக்கடையும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் போதும். வனவிலங்குச் சட்டச் சிக்கலும் எழாது.

தொடக்கத்துக்கு ஆறு ஆட்டுத்தலைகள் வாங்குங்கள். இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது கொதிக்க வைப்பதால்தான். கொதிநீரில் கொழுப்பு உருகி எலும்புக்குள் இறங்கிவிடும். சில மாதங்களில் மண்டையோடு மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். தோலையும் சதையையும் முடிந்தவரை நீக்கி, மூடியுள்ள வாளியில் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுவதே சரி. சென்னை வெயிலில் இரண்டு மூன்று வாரங்களில் மீதிச் சதை தானாகக் கழன்றுவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும், ஆகவே வாளியைக் கட்டடத்துக்குப் பின்னால் வையுங்கள். தண்ணீரை எப்போதும் சல்லடை வழியாகவே கொட்டுங்கள். பற்கள் கழன்று அடியில் கிடக்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் சில நாள் போட்டு, நீர் கலங்கக் கலங்க மாற்றுங்கள். கடைசியாக 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரு நாள். அந்தப் பாத்திரத்தை இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அது எலும்பையே அரித்துப் பொடியாக்கும்.

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு மண்டையோடு என்று கொடுத்து, மேல்தாடையின் முன்பற்களை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றுகூட இராது! ஆடு கீழ்ப்பற்களை மேலே உள்ள தடித்த ஈறோடு அழுத்தித்தான் இலையைப் பறிக்கிறது. விடையை உடனே சொல்லிவிடாமல் பத்து நிமிடம் காத்திருப்பதுதான் வழிகாட்டிக்குக் கடினமான வேலை. ஆட்டுச் சந்தையில் ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’ என்று வயது கணிப்பது எப்படி என்று கிராமத்தில் உறவினர் உள்ள பிள்ளை ஒன்று நிச்சயம் சொல்லும். பால்பற்கள் விழுந்து பெரிய பற்கள் ஜோடி ஜோடியாக முளைப்பதை ஆறு மண்டையோடுகளையும் வரிசையாக வைத்து அவர்களே சரிபார்க்கட்டும். அதற்காகவே வெவ்வேறு வயது ஆடுகளாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு வகுப்புக்குக் கூகையின் கக்கல் உருண்டைகள். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பழங்கட்டடங்களில் அது தங்கும் இடத்துக்குக் கீழே இவை கிடக்கும். சேகரிக்கும் முன் வனத்துறையிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். கிருமி இருக்கும் என்பதால் அலுமினியத் தாளில் சுற்றி, மின் அடுப்பில் 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைத்த பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். இருவருக்கு ஓர் உருண்டை, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீர், இரண்டு இடுக்கிகள், ஒரு கறுப்புத் தாள். ஊறவிடாமல் இழுத்தால் மண்டையோடு நொறுங்கிவிடும். எத்தனை இரைகள் என்று கண்டுபிடிக்கக் கால் எலும்புகளை எண்ணக் கூடாது. கீழ்த்தாடைகளை இடம், வலம் என்று பிரித்து, எது அதிகமோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். முன்பல் ஆரஞ்சு நிறமாகவும் அதற்குப் பின் நீண்ட இடைவெளியும் இருந்தால் எலி. பற்கள் வெண்மையாக, கூராக, இடைவெளியின்றி நெருங்கி இருந்தால் மூஞ்சூறு. இதைத் தானே பிரித்தறிந்த பிள்ளைக்கு வகைப்பாட்டியல் வெறும் மனப்பாடப் பகுதியாகத் தோன்றாது.

கத்தாழை மீனின் தலைக்குள், உட்காதில் இருக்கும் பெரிய செவிக்கல்லும் நல்ல பொருள்தான். ஆனால் அதன் வளையங்களை எண்ணி வயது சொல்லலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வெப்பநிலை பெரிதாக மாறாத நம் கடலில் அவை தெளிவாக விழுவதில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஆளுக்கொன்று வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பொருளை அருகே கொண்டுவர வேண்டும் என்று முதல் நாளே பழக்குங்கள். இல்லையேல் கையை நீட்டிப் பிடித்து, ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் பெயர், இடம், நாள், எடுத்தவர் என்று சீட்டு எழுதுவது பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். பென்சிலில்தான் எழுத வேண்டும், பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரையும். மழைக்காலத்தில் தொகுப்பில் பூச்சி விழுந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் குளிர்ந்த மாதிரிமேல் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒருநாள் பொறுக்க வேண்டும்.

ஓர் அணியில் 20 பேருக்கு மேல் வேண்டாம். மூன்று வழிகாட்டிகள், இரண்டு மணி நேரம். குறிப்புத்தாள்கள் தமிழில் இருக்கட்டும். பாதி இடங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, பேருந்துக் கட்டணத்தையும் துறையே ஏற்க வேண்டும். கட்டணமில்லா வகுப்புக்குக்கூட எட்டு வாரமும் வந்துபோகும் செலவால் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்குவதானால், ஆட்டுத்தலைகள் ஏப்ரல் முடிவதற்குள் வாளியில் இறங்கியிருக்க வேண்டும்.

இங்ஙனம்,
சிறாருக்கு இயற்கை அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும்