வலது ஓரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். என் நோயைக் கண்டுபிடித்து என்னை மீட்டவர்களுக்கு நன்றி சொல்லும் மடல் இது. இதில் யார் பெயரும் இராது. சிலர் வேண்டாம் என்றார்கள். என் பெயரையே முழுதாகப் போடாத நான் மற்றவர் பெயரைப் போடுவதும் முறையில்லை. உரியவர்களுக்குத் தங்களைத் தெரியும்.

முதல் நன்றி, மெய்ப்பு மேசையில் எனக்கு எதிரே உட்காரும் நண்பருக்கு. 22 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரே மாதத்தில் நான் விட்ட பிழைகள் குவிந்தபோது கண்ணாடியை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. குடிக்கிறேனோ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டவர்களும் உண்டு. நண்பர் மட்டும் பக்கங்களைப் பரப்பிவைத்து, விட்ட பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டார். "எல்லாம் வலது ஓரத்திலேயே கிடக்கின்றன, பாருங்கள்" என்றார். பார்த்தேன். எனக்கு ஒரு வட்டமும் தெரியவில்லை.

அந்தப் பக்கம் இருட்டாக இருந்ததா, மங்கலாக இருந்ததா என்று இப்போதும் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. பக்கம் அங்கேயே முடிந்துவிட்டதாக இருந்தது. தமிழில் வினை சொல்லின் கடைசியில் அல்லவா முடிகிறது! 'வந்' வரை கண்ணில் படும். வந்தானா, வந்தாளா, வந்தார்களா என்பது போய்விடும். நான் ஊகித்துப் படித்திருக்கிறேன். ஊகம் மெய்ப்புத் திருத்துபவனுக்கு ஆகாது.

கண் மருத்துவர் அம்மையாருக்கு நன்றி. ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, விரலை அசைத்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வலப்பாதி போயிருந்தது. "கண்ணில் பழுதில்லை ஐயா. இரண்டிலும் ஒரே பக்கம் என்றால் மூளையைத்தான் பார்க்க வேண்டும்" என்று அன்றைக்கே கடிதம் எழுதித் தந்தார். புதுக் கண்ணாடிக்கு அளவு எடுத்து அனுப்பியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

இடையில் வேறோர் இடத்தில் பக்கவாதம் என்றார்கள். அதில் மூன்று வாரம் போயிற்று. அதைப் பற்றி எழுத மனமில்லை.

முகமே பார்த்திராத ஒருவருக்கு அடுத்த நன்றி. என் எம்.ஆர்.ஐ. படங்களை மறுபடி படித்த கதிரியக்க மருத்துவர் அவர். மூளையின் வெண்பொருளில் திட்டுகள், இரத்தக் குழாய் எல்லைகளுக்குள் அவை அடங்கவில்லை, சுற்றிலும் வீக்கமில்லை, சாயம் ஏற்றியும் ஒளிரவில்லை என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: எச்.ஐ.வி. பரிசோதனை ஆயிற்றா? அந்தக் கேள்விக்குறிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதை என்னிடம் கேட்ட நரம்பியல் மருத்துவர், மனைவியைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். சர்க்கரை உண்டா என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்டார். சோதனை முடிவும் அதே குரலில்தான் வந்தது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான சிடி4 அணுக்கள் எனக்கு 61. இருநூறுக்குக் கீழே இறங்கினாலே, உடம்பில் ஒளிந்திருப்பவை தலைதூக்கத் தொடங்கும். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து, ஹெர்பிஸ், அம்மை வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். பி.சி.ஆர். சோதனையில் அகப்பட்டது ஜே.சி. வைரஸ். நோயின் பெயர் நீளம், புரோகிரசிவ் மல்டிஃபோகல் லியூகோஎன்செஃபலோபதி. எல்லோரும் பி.எம்.எல். என்கிறார்கள்.

இந்த வைரஸ் வயது வந்தோரில் பெரும்பாலோரின் உடம்பில் இருக்கிறதாம். சிறுநீரகத்தில் ஒரு தொல்லையும் தராமல் கிடக்கும். காவல் தளர்ந்தால் மூளைக்குப் போய், நரம்பிழைகளுக்கு மேலுறை போடும் அணுக்களைத் தின்னும். உறை போன கம்பியில் செய்தி ஓடாது.

மருத்துவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "இதைக் கொல்ல மருந்து கிடையாது. சைடராபின், சிடோஃபோவிர், மெஃப்லோகுயின் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று, பயனில்லை. உங்கள் உடம்புதான் சண்டை போட வேண்டும். அதற்கு ஆள் சேர்த்துத் தருவது எங்கள் வேலை." 1996-க்கு முன்னால் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் தாண்டவில்லை என்றும், எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து வந்தபின் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கிறார்கள் என்றும் சொன்னார். பாதி என்பதை அவர் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மூளைக் காசநோய் போன்றவற்றில் கூட்டு மருந்தைச் சில வாரம் தள்ளிப்போடுவார்களாம். இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று அன்று மாலையே முதல் மாத்திரையைத் தந்தார்.

ஐந்தாவது வாரம் நான் இன்னும் மோசமானேன். வலக்கை தொங்கிவிட்டது, சொல் வாயில் வந்து நின்றுகொண்டது. மாத்திரைதான் காரணம், நிறுத்திவிடுவோம் என்று உறவினர் சிலர் நெருக்கினார்கள். நிறுத்த விடாத செவிலியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது! திரும்பி வந்த எதிர்ப்பாற்றல் ஒரே மூச்சில் வைரஸ் மேல் பாய்ந்ததால் வந்த வீக்கம் அது என்று, ஒவ்வோர் உறவினரையும் தனித்தனியே உட்காரவைத்து விளக்கினார். புதிய படத்தில் திட்டின் ஓரம் இம்முறை ஒளிர்ந்தது. சிறிது காலம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. கூட்டு மருந்து ஒரு வேளையும் தவறவில்லை.

கையை மீட்டவர் இயன்முறை மருத்துவர். படிப்பை மீட்டவர் தொழில்வழிச் சிகிச்சையாளர்: பக்கத்தின் வலது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு கிழித்து, அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொல்வார். இப்போதும் கோடு போட்டுத்தான் மெய்ப்புப் பார்க்கிறேன்.

ஆற்றுப்படுத்துநரான தங்கைக்கு ஒரு தனி நன்றி. ஆறாம் மாதம் இரத்தத்தில் எச்.ஐ.வி. அளவைப் பார்த்தார்கள். முடிவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் இடப்பக்கமாக நீட்டினார். முதல் வரியில் 'கண்டறியப்பட' என்று இருந்தது. வலப்பக்கம் என்ன விட்டுப்போயிற்றோ என்று தலையைத் திருப்பப் போனேன். வேண்டாம் அண்ணா, கீழே பாருங்கள் என்றார். அடுத்த வரியின் தொடக்கத்தில் 'வில்லை' என்று இருந்தது. மெய்ப்பில் யாராவது சொல்லை இப்படி உடைத்திருந்தால் சுழித்திருப்பேன்.

என் மனைவிக்கு வைரஸ் இல்லை. அவளுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கே எழுதப்போவதில்லை.

இன்னொருவர் இருக்கிறார். இந்நோயை மூன்று மருத்துவர்கள் 1958-இல் விவரித்துவிட்டார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை. 1971-இல் இதே நோயால் இறந்த ஒருவரின் மூளைத் திசுவிலிருந்துதான் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே வைரஸுக்குப் பெயராயின. கொன்ற கிருமிக்கு மாண்டவர் பெயரை வைத்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் சோதனைச் சீட்டில் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ஐயா, நன்றி.

இப்படிக்கு,
த. கு.

பின்குறிப்பு: இம்மடலின் முதல் படியை எதிர் மேசை நண்பரிடம் கொடுத்தேன். ஏழு பிழைகளைக் கண்டுபிடித்தார். வலது ஓரத்தில் இருந்தவை இரண்டுதான்.