பொருள்: 2 டன் ட்ராலி ஜாக் தானா இறங்கிடுச்சு, ஒரு ரப்பர் சீலுக்காக ரெண்டு மாசமா அலையுறேன்

வணக்கம் சார் / மேடம்,

இந்த லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி பதினாலு தடவ போன் பண்ணிட்டேன், ஆறு மெயில் போட்டுட்டேன், உங்க சர்வீஸ் சென்டருக்கு மூணு தடவ நேர்லயே வந்துட்டேன். நாலு கம்ப்ளைன்ட் நம்பர் வச்சிருக்கேன், நாலுக்கும் "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்து க்ளோஸ் ஆயிடுச்சு. எது தீர்ந்துச்சுன்னு தயவுசெஞ்சு ஒருத்தராவது சொல்லுங்க, ஏன்னா ஜாக் இன்னைக்கும் அதே கோளாறோட தான் கெடக்குது.

உங்க சிவப்பு கலர் 2 டன் ட்ராலி ஜாக் தான், ரெண்டு துண்டா வர்ற ஹேண்டில் உள்ள மாடல், எதுன்னு உங்களுக்கே தெரியும். வாங்கி மூணு மாசம் முடியல, மொத்தமா அஞ்சு தடவ கூட தூக்கியிருக்க மாட்டேன். அதுக்குள்ள பிஸ்டன் வெளிய வர்ற எடத்துல ஆயில் வளையம் மாதிரி கசியுது, விரல வச்சா ஈரம் ஒட்டுது. வண்டிய தூக்கிட்டு டேப் வச்சு அளந்தேன், தரையிலேர்ந்து மேல் தட்டு வரைக்கும் 33 செமீ இருந்துச்சு, பத்து நிமிஷம் கழிச்சு 28 செமீ. யாரும் தொடல, ஜாக்க இறக்கறதுக்கு திருகுற ரிலீஸ் ஸ்க்ரூ நல்லா டைட்டா தான் இருந்துச்சு, ஹேண்டிலயே கழட்டி தனியா வச்சிருந்தேன். வீடியோவும் அனுப்பிருக்கேன், ரெண்டாவது மெயில்ல இருக்கு, யாரும் தொறந்து பாத்த மாதிரி தெரியல.

நான் இத அவசரத்துல வாங்கல சார். டிக்கில கம்பெனி குடுக்கற திருகு ஜாக் ரோட்டுல பஞ்சர் ஆனா டயர் மாத்தறதுக்கு தான், வீட்ல பிரேக் பேட் மாத்த, ஆயில் மாத்தன்னு அத நம்பி வேல செய்ய முடியாதுன்னு தான் ட்ராலி ஜாக் தேட ஆரம்பிச்சேன். பாட்டில் ஜாக் வெல கம்மி, ஆனா அது நிக்கறதே ஒசரம், என் வண்டி தாழ்வானது, அடியில போகாது, அடிப்பாகமும் சின்னது, கொஞ்சம் ஆடினாலும் பயம். ட்ராலின்னா அகலமான நாலு சக்கரம், கீழ இறக்குனா 13 செமீ சொச்சம் தான், சுலபமா உள்ள தள்ளலாம். அதுலயும் ரொம்ப சீப்பா ரெண்டு மூணு இருந்துச்சு, நான் அத வாங்காம ஒண்ணரை மடங்கு காசு குடுத்து உங்களோடத வாங்குனதுக்கு ஒரே ஒரு காரணம் தான், உங்க டப்பா மேலயே "உதிரி பாகங்கள் கிடைக்கும், சீல் கிட் கிடைக்கும்"னு போட்டிருந்தீங்க. ஆயில் அழுத்தத்துல தூக்கற ஹைட்ராலிக் ஜாக்ல எப்பவாவது சீல் போகும், ஆயில் கசியாம அடைக்கற வளையம் தான் சீல், அது ரப்பர் தானே, அத மாத்த முடிஞ்சா அந்த ஜாக் இருபது வருஷம் வரும், மாத்த முடியலன்னா அது பழைய இரும்பு. என்னைப் பொறுத்தவரைக்கும் கட்டுப்படியாகற ஜாக்னா அதான். அந்த ஒரு வரிய நம்பி தான் காசு குடுத்தேன்.

இப்ப உங்க கால் சென்டர் ஆளு சொல்றாரு, சீல் கிட்டுனு ஒரு அயிட்டமே சிஸ்டத்துல இல்லையாம். உங்க மேனுவல் என் கையில இருக்கு சார், 11ஆம் பக்கத்துல ஜாக்க பிரிச்சு போட்ட படம் இருக்கு, அதுல 17ஆம் நம்பர் பிஸ்டன் சீல், 18 ஓ ரிங். நம்பரே போட்டு அச்சடிச்சிருக்கீங்க. நீங்க செஞ்ச பொருள் உங்களுக்கு தெரியாதா?

அவரப் பத்தி சொல்லியே ஆகணும். பேர் சொல்ல மாட்டேன், கால் ரெக்கார்ட் ஆகுதுன்னு நீங்களே ஆரம்பத்துல சொல்றீங்க, போன மாசம் 8ஆம் தேதி சாயங்காலம் நாலே கால் மணிக்கு பேசுன காலை எடுத்து கேளுங்க. நான் பொறுமையா, சார், வண்டி கீழ வேல செய்யும்போது ஜாக் இறங்கிடுச்சுன்னா என்ன ஆகும்னு தான் கேட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதில், "யாரு சார் உங்கள வண்டிக்கு அடியில போய் படுக்க சொன்னது?" இத சொல்லிட்டு பக்கத்துல யார்கிட்டயோ சிரிச்சது எனக்கு நல்லா கேட்டுச்சு. ரெண்டு மாசத்துல எனக்கு அத விட வலிச்சது வேற எதுவும் இல்ல. நான் ஜாக்க மட்டும் நம்பி அடியில படுக்கற ஆளு இல்ல, ஜாக் தூக்கறதுக்கு மட்டும் தான், தாங்கறதுக்கு ஸ்டாண்டு தான்னு எனக்கும் தெரியும், ஸ்டாண்டு போடாம ஒரு நட் கூட தொட மாட்டேன், பின் வீல்ல ரெண்டு பக்கமும் கட்டை வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, சிமெண்ட் தரையில தான் தூக்கறேன். ஆனா ஸ்டாண்ட உள்ள தள்ளி வைக்கற அந்த ஒரு நிமிஷம் கை உள்ள போய் தான் ஆகணும்ல, அந்த ஒரு நிமிஷம் கூட தாங்காத ஜாக்க ஜாக்குன்னு எப்படி விக்கறீங்க?

அவரே இன்னொன்னும் கேட்டாரு, "ஓவர்லோடு பண்ணீங்களா?"ன்னு. என் வண்டி மொத்தமே 1,100 கிலோ. நான் முன்பக்கம் மட்டும் தான் தூக்கறேன், இஞ்சின் முன்னாடி இருக்கறதால அந்தப் பக்கம் ஒரு 660 கிலோ வரும்னு வச்சுக்கோங்க, 2,000 கிலோ தூக்கும்னு நீங்க எழுதுனதுல மூணுல ஒரு பங்கு. அதையும் மீறி லோடு ஏத்துனா தூக்கவே விடாத மாதிரி சேஃப்டி வால்வு உள்ளயே இருக்குன்னு உங்க மேனுவல்லயே போட்டிருக்கு. அப்புறம் எப்படி சார் ஓவர்லோடு? அடுத்த கால்ல வேற ஒருத்தங்க, பிரேக் ஆயில் ஊத்திட்டீங்களான்னு கேட்டாங்க. பிரேக் ஆயில் பட்டா ஜாக்கோட சீல் ஊதி கெட்டு போகும்னு தெரியாம யாராவது ஊத்துவாங்க, நான் ஊத்தல. ஜாக்குக்குன்னு விக்கற ஹைட்ராலிக் ஆயில் தான், அதுவும் ஜாக்க முழுசா இறக்கி வச்சு, ரப்பர் மூடிய கழட்டி, ஓட்டையோட அடி மட்டம் வரைக்கும் தான் ஊத்துனேன். ரிலீஸ் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி பத்து பதினஞ்சு தடவ வேகமா பம்ப் அடிச்சு காத்தையும் எடுத்துட்டேன். நீங்க சொல்லாமலே எல்லாத்தையும் பாத்துட்டு தான் போன் பண்றேன், அத காது குடுத்து கேக்க ஆள் இல்ல.

அன்னைக்கு நடந்தத ஒழுங்கா சொல்றேன், கோவத்துல முன்ன பின்ன ஆயிடுச்சு, மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கிழம காலைல முன்னாடி கிராஸ் மெம்பர்ல, அதான் வண்டிக்கு அடியில குறுக்க போற இரும்புல, ஜாக் குடுத்து தூக்குனேன், என் பையன் டார்ச் அடிச்சிட்டு பக்கத்துல உக்காந்திருந்தான். வலது பக்கம் ஸ்டாண்டு போட்டுட்டு இடது பக்கம் போறேன், ஸ்டாண்டு உள்ள போகல, இடிக்குது. அதே ஸ்டாண்டு, ஒசரம் வைக்கற அதே பல்லு, ஒரு நிமிஷம் முன்னாடி தாராளமா கேப் இருந்த எடம். நான் தான் தப்பா வச்சிட்டேன்னு நெனச்சு கைய உள்ள விட்டு திருப்பறேன், அப்ப தான் பையன் "அப்பா, வண்டி இறங்குதுப்பா"ன்னான். கைய வெளிய இழுத்துட்டேன். அவன் அன்னைக்கு பக்கத்துல இல்லன்னா என் வலது கை இன்னைக்கு இருக்காது, அத நெனச்சா இப்பவும் ராத்திரி தூக்கம் வர்றதில்ல. அப்புறம் வேக வேகமா பம்ப் அடிச்சு எப்படியோ ரெண்டு ஸ்டாண்டுலயும் ஒக்கார வச்சேன்.

வீல கழட்டி பாத்தா பிரேக் டிஸ்க்கும் தேஞ்சிருந்துச்சு, அத வரவழைக்கறதுக்குள்ள ஒரு வாரம். அடுத்த வாரம் டிஸ்க் மாட்டி வீல் போட்டு வண்டிய இறக்கலாம்னு பாத்தா ஜாக் சுத்தமா தூக்கவே மாட்டேங்குது, பஞ்சு மாதிரி ஹேண்டில் போய் போய் வருது. ஸ்டாண்ட எடுக்கணும்னா ஒரு இஞ்சாவது மேல தூக்கணும், திருகு ஜாக் வைக்கற எடத்துல தான் ஸ்டாண்டு உக்காந்திருக்கு. வண்டி மேல நின்னுடுச்சு. மொத்தம் பத்தொம்பது நாள் என் வண்டி ஸ்டாண்டு மேல நின்னுச்சு சார், கடைசில தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர கெஞ்சி அவரோட ஜாக்க எடுத்துட்டு வர வச்சு தான் இறக்குனேன். இந்த பத்தொம்பது நாளும் ஆபீஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் பஸ்ல. எங்க வீட்ல ஒரு நல்லது கெட்டதுக்கு போக முடியல. இந்த ரெண்டு மாசத்துல நான் இழந்த நிம்மதிக்கு நீங்க பத்து ஜாக் குடுத்தாலும் ஈடாகாது.

வண்டி மேல நிக்கறதால சர்வீஸ் சென்டருக்கும் பஸ்ல தான் வந்தேன், அந்த மொத தடவ வந்தத என் வாழ்க்கைல மறக்க மாட்டேன். அந்த ஜாக் பதினோரு கிலோ, கசியறதால படுக்க வைக்கவும் முடியாது, சாக்குல சுத்தி நிமித்தி முழங்கால் நடுவுல வச்சு ஒண்ணே முக்கா மணி நேரம். எறங்கும்போது பேன்ட் முழுக்க ஆயில், பக்கத்துல உக்காந்த அம்மா சேலையிலயும் பட்டுடுச்சு, அவங்க கிட்ட நான் தான் மன்னிப்பு கேட்டேன். போன்ல உங்க ஆள் சொன்ன அதே அட்ரஸ் தான். அங்க கவுன்டர்ல இருந்தவர் சாக்க பிரிக்கக்கூட விடல, "இங்க காத்தடிக்கற மெஷின், வாட்டர் வாஷ் பம்ப் மட்டும் தான் பாக்கறோம், ஜாக் பாக்கறதில்ல"ன்னு சொல்லிட்டாரு. அப்ப ஏன் இங்க அனுப்புனாங்கன்னு கேட்டா "அது கால் சென்டர்காரங்கள கேளுங்க"ங்கறாரு. அதே பதினோரு கிலோவ அதே பஸ்ல திருப்பி தூக்கிட்டு வந்தேன். ரெண்டாவது தடவ ஜாக் பாக்கறவர் லீவு. மூணாவது தடவ அவர் இருந்தாரு, நல்ல மனுஷன், பாத்த ஒடனே "சீல் தான் போயிருக்கு, அஞ்சு நிமிஷ வேல, ஆனா எங்களுக்கு சீல் வரதில்ல சார்"னாரு. உங்க கம்பெனில உண்மைய பேசுனது அவர் ஒருத்தர் தான், தயவுசெஞ்சு அவர் மேல எதுவும் ஆக்‌ஷன் எடுத்துடாதீங்க.

ஒரு வளையம் சார். என் சுண்டு விரல்ல மாட்டுனா நிக்கும், அவ்ளோ தான் அந்த சீல். அதுக்குத்தான் இவ்ளோவும்.

தப்பு எல்லா கம்பெனிக்கும் வரும், அது எனக்கும் புரியுது. 2020ல அமெரிக்காவுல ஒரு பெரிய டூல் கம்பெனி வித்த ஜாக் ஸ்டாண்டுல பல்லு சரியா பிடிக்காம வண்டி இறங்கிடும்னு தெரிஞ்சு லட்சக்கணக்குல திரும்ப எடுத்தாங்க, மாத்தி குடுத்ததுலயும் சிலதுல வெல்டிங் சரியில்லன்னு தெரிஞ்சதும் அதையும் திரும்ப எடுத்தாங்க. நீங்க என்னடான்னா என்ன தான் குத்தவாளி மாதிரி கேள்வி கேக்கறீங்க. இதே மாடல இன்னும் எத்தன வீட்ல வச்சிருப்பாங்க, அங்க டார்ச் அடிக்க பக்கத்துல ஒருத்தர் இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்? அந்த பேட்ச் நம்பர் ஹேண்டில் மாட்டற எடத்துக்கு கீழ இருக்கு, போட்டோ அனுப்பிருக்கேன், தயவுசெஞ்சு அந்த பேட்ச்ச எடுத்து செக் பண்ணுங்க. இத எனக்காக மட்டும் கேக்கல.

எனக்கு வேண்டியது, மேனுவல்ல இருக்கற 17, 18 ரெண்டையும் அனுப்புங்க, நானே மாத்திக்கறேன், எனக்கு தெரியும். அது இல்லன்னா வேற ஜாக் குடுங்க, அதுவும் முடியாதுன்னா முழு காசும் திரும்ப வேணும், பஸ்ல அலைஞ்ச செலவும் அந்த மெக்கானிக்குக்கு குடுத்த காசும் சேத்து. அந்த 8ஆம் தேதி பேசுனவர் மன்னிப்பு கேக்கணும், மெயில்ல இல்ல, போன் பண்ணி. இன்னையிலேர்ந்து பதினஞ்சு நாள் பாப்பேன். அதுக்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு போவேன், பில், வீடியோ, நாலு கம்ப்ளைன்ட் நம்பர், நாலு க்ளோஸ் மெசேஜ் எல்லாம் தனியா ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன், மன உளைச்சலுக்கும் சேத்து கேப்பேன். அந்த அளவுக்கு போக வச்சிடாதீங்கன்னு தான் இவ்ளோ நீளமா எழுதறேன், நல்லபடியா முடிஞ்சா எனக்கும் சந்தோஷம் தான், உங்க ஜாக்கோட இரும்புல எனக்கு ஒரு குறையும் இல்ல.

இன்னொரு விஷயம். ஜாக்க செக் பண்ணணும்னா ஆள் அனுப்புங்க. எங்க வீட்டு வாசல்ல அட்டை விரிச்சு நிமித்தி வச்சிருக்கேன், எப்ப வேணா வந்து பாக்கலாம், எடுத்துட்டும் போகலாம். நான் இனிமே அத தூக்கிட்டு எங்கயும் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்க 2 டன் ட்ராலி ஜாக் வாங்கின வாடிக்கையாளர்

இணைப்பு: பில் காப்பி, மேனுவல் 11ஆம் பக்கம் போட்டோ, பேட்ச் நம்பர் போட்டோ, வீடியோ மறுபடியும்